ஊதாத் தலைப் புறா

எழுபதுகளில் பிள்ளைகளாகச் சிட்னிக்கு வந்து சேர்ந்த உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பூ என்றால் பாக்கெட்டில் வரும் காய்ந்த வெள்ளைத் தூள். அதைச் சுடுபாலில் ஊறவைத்துத்தான் சம்பல். கடைத்தெருவில் இன்னொரு தமிழ் முகத்தைக் கண்டால் எங்கள் அப்பாமார் பின்னால் ஓடிப்போய், "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்பார்கள். அந்தக் காலத்து இலையுதிர் பருவம் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்குப் பத்து வயது. நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மெரிலேண்ட்ஸில் ஒரு வாடகை வீடு. தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் ஃபைப்ரோத் தகட்டுச் சுவர்கள். வீடெல்லாம் மண்ணெண்ணெய் ஹீற்றர் மணம். என் பள்ளிக்கூடக் கம்பளிச் சட்டையிலும் அதே மணம். பின்வளவில் ஒரு பெரிய மரம். அதன் இலையைக் கசக்கினால் கற்பூரம் மணக்கும். அதனால் நாங்கள் அதைக் கற்பூர மரம் என்றோம். பிறகு பார்த்தால் இங்குள்ளவர்களும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏப்ரல் மாதம் அதில் கடலையளவு கறுப்புப் பழங்கள் பழுத்துக் கொட்டும். மிதித்தால் என் வெள்ளைக் காலுறையில் ஊதாக் கறை. அம்மா அதை எலுமிச்சம்புளி போட்டுத் தேய்ப்பார், போகாது.

அப்பா பொறியியலாளர். பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வடிகால்களுக்கு வரைபடம் வரைந்தார். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். ஊரில் அம்மா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அங்கே அவர் வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இங்கே பால்காரர் கதவைத் தட்டினால்கூட அம்மா குசினிக்குள் போய் நின்றுகொள்வார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வாசிக்கவும் எழுதவும் தெரியும். பேசத்தான் வாய் வராது. பேசினால் எதிரில் நிற்பவர் "பார்டன்?" என்று திருப்பிக் கேட்பார், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை, மழை விட்ட பின்னேரம், நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா பின்கதவில் காத்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் இந்த நாட்டில் அதுவரை பார்த்ததில்லை.

"பிள்ளை, இண்டைக்கு ஒண்டு கண்டனான்."

"என்னம்மா?"

"ஒரு புறா. உடம்பு பச்சை. முத்தின மாவிலைப் பச்சை. தலையிலை ஊதாத் தொப்பி வைச்ச மாதிரி. பின்கழுத்து தணல் நிறம். நெஞ்சிலை கறுப்புப் பட்டி, அதுக்குக் கீழை வெள்ளை. இவ்வளவுதான் இருக்கும்." இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்கும் அதையே சொன்னார். அப்பா சிரித்தார்.

"அது ரொசெல்லாக் கிளியப்பா. சிவப்புத் தலை. நீர் வெயிலுக்கை பாத்து ஊதா எண்டு நினைச்சிருப்பீர்."

"வெயில் எங்கை? மழையெல்லே பெய்தது. அது கிளி இல்லை, புறா."

"புறா எண்டு எப்பிடிச் சொல்லுறீர்?"

"கிளி பழத்தைக் கொறிச்சுத் துப்பும். இது ஒவ்வொண்டா முழுசாய் விழுங்கினது. மரத்துக்குக் கீழை போய்ப் பாத்தனான், ஒரு தோல் துண்டும் இல்லை. பிறகு கூரைப் பீலியிலை வந்து நிண்டு தண்ணி குடிச்சது. மற்றப் பறவையள் ஒரு வாய் எடுத்துத் தலையை நிமித்தி விழுங்கும். கிளி நக்கும். இது சொண்டைத் தண்ணிக்குள்ளை வைச்சபடியே உறிஞ்சினது. புறாதான் அப்பிடிக் குடிக்கும்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "சரி, சரி" என்றார். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லும் சரி. எனக்கே அது விளங்கியது என்றால் அம்மாவுக்கு விளங்காமல் இருக்குமா?

மறுநாள் நான் பள்ளிக்கூட நூலகத்தில் தேடினேன். தோட்டத்துப் பறவைகள் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. அதில் புறாக்கள் நாலே நாலு. எல்லாம் சாம்பலும் மண்ணிறமும். நூலக ஆசிரியை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஊதாத் தலையா? அது உங்கள் நாட்டில் இருந்திருக்கும், கண்ணே" என்றார். நல்ல மனுசி. எங்கள் நாட்டில் எல்லாமே நிறம் நிறமாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு புறாக்காரர் இருந்தார். ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பின்வளவில் பலகைக் கூண்டு கட்டிப் பந்தயப் புறாக்கள் வளர்த்தார். சனிக்கிழமைகளில் எங்கேயோ தூரத்து ஊரில் விட்ட புறாக்கள் திரும்பி வரும்வரை, கையில் மணிக்கூட்டுடன் கதிரை போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். புறாவைப் பற்றி இவரைவிட யாருக்குத் தெரியும் என்று அம்மா என்னை வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

"நாற்பது வருசமாய்ப் புறா வளர்க்கிறேன். பச்சை உடம்பு, ஊதாத் தலை? அப்படி ஒரு புறா உலகத்திலேயே இல்லை. யாரோ வளர்த்த கிளி தப்பி வந்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லு."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மா காவல் இருக்கத் தொடங்கினார். குசினி யன்னலடியில் நிற்பார். என் பழைய கொப்பி ஒன்றில் நேரம் குறிப்பார்: காலை ஒன்பதே கால், மேல்கொப்பு, பதினொரு பழம். கணக்கு ரீச்சரின் ஒழுங்கான கையெழுத்து. பறவை வந்த நாட்களும் உண்டு, வராத நாட்கள் அதைவிடக் கூட. அது அசையாமல் இருந்தால், அந்த நிறமெல்லாம் இருந்தும், இலைக்குள் கண்ணுக்குத் தெரியாது என்பார். பழம் ஒன்று விழும் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டுமாம். எப்போது வந்தாலும் அது நானும் அப்பாவும் வீட்டில் இல்லாத நேரமாகவே இருந்தது. இரண்டு தடவை சோறு அடிப்பிடித்தது. ஒரு நாள் சட்டி முழுதாகக் கருகி, வீடு புகைந்துபோய்க் கிடந்தது. அப்பா வந்து யன்னல்களைத் திறந்தார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. என் மகனைவிட இளையவர். புது நாடு, புது வேலை, பகல் முழுக்க வீட்டில் தனியே இருந்து இல்லாத பறவையைப் பற்றிக் கொப்பியில் எழுதும் மனைவி. அவர் கோபப்படவில்லை. பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அங்கிள் வந்தார். அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த ஆசுபத்திரி ஒன்றில் வேலை. அம்மாவோடு சிரித்துப் பேசி, தேத்தண்ணி குடித்து, நாடி பிடித்தும் பார்த்தார். பிறகு அவரும் அப்பாவும் முன்வாசலில் நின்று கதைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி இருந்து கேட்டேன்.

"ஐசே, இது ஊர் நினைவு. வன்னிப் பக்கம் பச்சைப் புறா இருக்கெல்லே? அதைத்தான் மனசு இஞ்சை கொண்டுவந்து வைக்குது."

"ஊதாத் தலை எண்டெல்லாம் சொல்லுறா."

"மனசு கொஞ்சம் வர்ணம் பூசும். குளிசை எழுதித் தாறன். அதிலையும் சரிவரேல்லை எண்டால் ஆறு மாதம் ஊரிலை கொண்டுபோய் விடும்."

அன்றிரவே அப்பா நீலநிற விமானக் கடிதத்தாளை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தார். "அன்புள்ள மச்சானுக்கு" என்று தொடங்கியதை நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாட்டில் பார்த்தேன். மச்சான் என்றால் அம்மாவின் அண்ணா, என் மாமா. அம்மாவையும் என்னையும் சிறிது காலம் அங்கே வைத்திருக்க முடியுமா என்று அதில் இருந்தது.

எனக்குப் போக விருப்பமில்லை. எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். நீச்சல் வகுப்பில் தலையைத் தண்ணீருக்குள் வைக்கப் பழகியிருந்தேன். அதைவிட, அம்மா தலைகுனிந்து ஊருக்குப் போவதை நினைக்கவே என்னால் முடியவில்லை. ஆகவே மறுநாள் காலை, அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு பொய் சொன்னேன்.

"அப்பா, நானும் அந்தப் புறாவைக் கண்டனான். நேற்றுப் பின்னேரம்."

அப்பா நிமிர்ந்தார். அம்மா குசினியிலிருந்து வந்தார்.

"எந்தக் கொப்பிலை?" அம்மாதான் கேட்டார்.

"நடுக் கொப்பிலை."

"கால் என்ன நிறம்?"

அம்மா காலைப் பற்றி எனக்குச் சொன்னதேயில்லை. "மஞ்சள்" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தார். அப்பா மெல்ல எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு சாத்திய பிறகு அம்மா எனக்கு முன்னால் குந்தியிருந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"காணாததைக் கண்டனான் எண்டு இனிமேல் சொல்லாதை. நீ எனக்காகச் சொன்னனி, எனக்குத் தெரியும். ஆனா நீ சொன்ன பொய்க்குப் பக்கத்திலை என்ரை உண்மையை வைச்சால் ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. "கால் சிவப்பு" என்றார் பிறகு. "பீற்றூட் அவிச்ச தண்ணி மாதிரி."

குளிசைப் போத்தல் குசினி அலுமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா ஒன்றுகூட எடுக்கவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன்.

மே மாதப் பள்ளி விடுமுறை தொடங்கிய கிழமை அது நடந்தது. மாலை ஐந்தரை மணி, இருட்டிக்கொண்டு வந்தது. பின்கதவில் யாரோ தட்டினார்கள். பின்கதவில் யாரும் தட்டுவதில்லை. நான் திறந்தேன். புறாக்காரர் நின்றார். தொப்பி இல்லை. ஒரு சப்பாத்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் சட்டைக் கையில் ஒரு சின்னப் பச்சை இறகு ஒட்டியிருந்தது.

"அம்மாவைக் கூப்பிடு" என்றார்.

அம்மா வந்தார். இந்தத் தடவை உள்ளே போய் நிற்கவில்லை.

"மிஸிஸ்," என்றார் அவர், "என் மனைவி இன்றைக்குப் பின் யன்னலைத் துடைத்துவிட்டாள். இது வந்து கண்ணாடியில் மோதியது. உங்கள் பறவை இதுதானே?"

மூடியைக் கொஞ்சம் திறந்தார். நான் முதல் தடவை கண்டேன். ஊதா. அம்மா சொன்னது போதாது. இவ்வளவு ஊதாவும் இவ்வளவு செம்மஞ்சளும் ஒரு சின்னத் தலையில் எப்படித்தான் அடங்கியிருந்தன! மஞ்சள் கண் ஒன்று எங்களைப் பார்த்து மெல்ல மூடித் திறந்தது. கால் பீற்றூட் சிவப்பு.

"யெஸ்," என்றார் அம்மா. "திஸ் இஸ் ஹிம்."

புறாக்காரர் "பார்டன்?" என்று கேட்கவில்லை.

செட்டை முறியவில்லை, அதிர்ச்சி மட்டும்தான் என்று அவர் விரல்களால் தடவிப் பார்த்துச் சொன்னார். அதில் அவர் கெட்டிக்காரர்தான். தன் கூண்டிலிருந்து கோதுமை கொண்டுவந்து வைத்தார். பறவை திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா டோர்ச் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் ஒரு கிண்ணம் கறுப்புப் பழம் பொறுக்கி வந்தார். ஒரு பழத்தைச் சொண்டுக்கு முன்னால் பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரே கவ்வல். தொண்டை புடைத்து இறங்கியது. புறாக்காரர் எங்கள் குசினித் தரையில் முழங்காலில் நின்றபடி, தான் புறா வளர்த்த நாற்பது வருசத்தையும் மறந்து, "அடடா, அடடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா வேலையால் வந்தபோது நாங்கள் மூவரும் பெட்டியைச் சுற்றித் தரையில் இருந்தோம். அப்பா வாசலில் நின்றார். அவர் பையை வைத்தார். கோட்டுடனேயே தரையில் வந்து இருந்தார். வெகுநேரம் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதாதான்" என்றார் கடைசியில்.

"ஓம்" என்றார் அம்மா.

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அப்பா மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு எடுத்தார். வந்த நாளிலிருந்து காய்ச்சலுக்குக்கூட அவர் லீவு எடுத்ததில்லை. மாமாவுக்கு எழுதிய கடிதம் தபாலில் போகவில்லை. அது என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை.

ரயிலில் நகரத்துக்குப் போனோம், பெரிய அருங்காட்சியகத்துக்கு. பெட்டி அம்மாவின் மடியில். பறவை வழிநெடுக விதைகளாக எச்சமிட, பெட்டியின் அடியில் ஊதா ஊறி அம்மாவின் சேலையில் படிந்தது. அம்மா அதைக் கவனித்தும் பெட்டியை நகர்த்தவில்லை.

பறவைகள் பகுதியிலிருந்து இறங்கி வந்தவர் இளம் மனிதர். தாடி, அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. எட்டிப் பார்த்தவர் விசிலடித்தார். எங்களை மேலே ஓர் அறைக்குக் கூட்டிப்போய், உயரமான அலுமாரி ஒன்றின் இழுப்பறையை இழுத்தார். நாப்தலின் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே வரிசை வரிசையாகப் பறவைகள், மல்லாந்தபடி, கண்ணுக்குப் பதில் பஞ்சு, காலில் நூல் கட்டிய சீட்டு. ஒன்றை எடுத்துக் காட்டினார். எங்கள் பறவையேதான், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது.

"சுப்பர்ப் ஃப்ரூட் டவ். ஆண். வடக்கே குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் இருப்பது. குளிர் தொடங்கும் காலத்தில் எப்போதாவது ஒன்று இவ்வளவு தூரம் தெற்கே அலைந்து வரும். பழம் பழுத்த மரம் கண்டால் தங்கும்."

அம்மா பெயரைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் இழுப்பறையில் இருந்தது. பெட்டியை இறுக்கிப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, இதையும் இப்பிடிப் பஞ்சு வைக்கப்போறாங்களோ? நான் குடுக்க மாட்டன்."

அப்பா தொண்டையைச் செருமினார். மேலதிகாரிகளுக்கு முன்னால் குரல் உயர்த்தாத மனிதர் அவர். "என் மனைவி சொல்கிறார்," என்று தொடங்கினார் ஆங்கிலத்தில், "இந்தப் பறவை உயிரோடு வந்தது. உயிரோடுதான் திரும்பிப் போகும்."

தாடிக்காரர் சிரித்துவிட்டார். ஓர் உதிர்ந்த இறகும், பார்த்தவரின் குறிப்பும் போதும் என்றார். ஓர் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்து அப்பாவிடம், "முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்றார்.

"நான் பார்க்கவில்லை" என்றார் அப்பா. "அவரிடம் கேளுங்கள்."

அம்மா கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார். தாடிக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நேரம், கொப்பு, பழத்தின் எண்ணிக்கை. கொப்பி தமிழில் இருந்தாலும் எண்கள் அவருக்கு விளங்கின. "பார்த்தவுடன் எல்லோரும் கிளி என்பார்கள். புறா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார்.

நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"டிரிங்கிங்," என்றார். "லைக் திஸ்." கழுத்தைக் குனிந்து, சொண்டைத் தண்ணீரில் வைத்த பறவை மாதிரி, அசையாமல் இருந்து உறிஞ்சிக் காட்டினார். அந்த அறையில், அந்தச் சேலையில், ஒரு பெரிய மனுசி. தாடிக்காரர் சிரிக்கவில்லை. எழுதினார். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். அதன் கார்பன் பிரதி ஒன்று எங்களிடம் வெகுகாலம் இருந்தது. வீடு மாறியபோது எந்தப் பெட்டியோடு போனதோ, நாலு வீடு மாறியும் திரும்பக் கிடைக்கவில்லை.

டாக்டர் அங்கிள் அடுத்த ஞாயிறு வந்து கதையைக் கேட்டார். "அப்ப சரி" என்று சொல்லி இன்னொரு தேத்தண்ணி கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் நினைவு வாட்டியது அவரைத்தான் என்று பிற்காலத்தில் அவரே என்னிடம் சொன்னார்.

அவர் வருவதற்கு முதல்நாள், சனிக்கிழமையே, பறவையைக் கொண்டுபோய் விட்டிருந்தோம். தெற்கே, ஹெலன்ஸ்பர்க்குக்கு அப்பால், கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில் மழைக்காடு இருக்கிறது, அங்கே அத்தி பழுத்திருக்கும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். இப்போது நாமெல்லாம் கோயிலுக்குப் போகும் அதே பக்கம்தான். அப்போது அங்கே கோயில் இல்லை, காடு மட்டும்தான். அப்பாவின் பழைய ஹோல்டன் காரில் முன்னால் அம்மாவும் பெட்டியும். பின்னால் புறாக்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் நான். அன்று அவருக்குப் பந்தய நாள். மணிக்கூட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

காட்டுக்குள் ஈரமும் அழுகிய இலையும் மணத்தன. என் காலில் அட்டை ஏறியது. அம்மா பெட்டியை ஒரு பாறையில் வைத்து மூடியை எடுத்தார். பறவை விளிம்பில் ஏறி நின்றது. பிறகு செட்டை அடித்த சத்தம். நேராக மேலே போய் ஓர் அத்திக் கொப்பில் இருந்தது. நான் கண் எடுக்காமல்தான் பார்த்தேன். ஆனாலும் அடுத்த கணம் அங்கே இலை மட்டும்தான் இருந்தது.

"அங்கைதான் இருக்கு" என்றார் அம்மா. "பாத்துக்கொண்டிரு." ஒரு பழம் பொத்தென்று விழுந்தது.

ஒரு மரத்தடியில் இருந்து சாப்பிட்டோம். அம்மா கட்டி வந்த இடியப்பத்தையும் சம்பலையும் புறாக்காரர் முள்ளுக்கரண்டியால் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு, மூக்கைத் துடைத்து, இன்னும் கேட்டார். அவர் மனைவி கொண்டுவந்த லாமிங்டன் கேக்கில் ஒட்டியிருந்தது நாங்கள் சம்பலுக்கு ஊறவைக்கும் அதே காய்ந்த தேங்காய்ப்பூ. அம்மா அதைச் சொல்லி அவருக்கு விளக்கப் போய், ஆங்கிலம் பாதி கை பாதியாக இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். அப்பா ஒரு கல்லில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய பாதை, பின்னால் இன்னும் இரண்டு கார்கள். அம்மா திடீரென்று யன்னல் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, அந்த மரத்திலை என்னவோ நிக்குது."

அப்பா காரை ஓரங்கட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்துபோனார்கள். அவர் என்ஜினை நிறுத்தினார். யன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்கி, அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எங்கை?" என்றார்.